கிராம சபையில் கணக்கு கேட்கக் கூடாதா? அந்த ஃபார்வர்டு தவறு

கிராம சபையில் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும்தான் பேசலாம், பஞ்சாயத்து செலவுக் கணக்கைப் பொதுமக்கள் கேட்கக் கூடாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, பிரிவு 3-ஐ எடுத்துப் பாருங்கள். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லோருமே கிராம சபை உறுப்பினர்கள்தான், வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தருவதே அந்தச் சபையின் வேலை, அப்புறம் கேட்காமல் எப்படி ஒப்புதல் தருவது? பணம் வீணாகிறது என்று டீக்கடையில் புலம்புவதைவிட அங்கே கேட்பது மேல். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று இருந்த கூட்டங்களோடு 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1-ம் சேர்ந்திருக்கின்றன.

சரி, அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.