நட்சத்திரக் குறியை விரிப்பது யார்?

தம்பி, லினக்ஸில் கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' கட்டளைதான், 'எல்லாக் கோப்புகளும்' என்பதற்காக நாம் போடும் நட்சத்திரக் குறியைப் படித்துக் கோப்புகளைத் தேடுகிறது என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கிளிநொச்சியில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் இதை அப்படியே கொப்பியில் எழுதி வந்தார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

அது ஆர்எம்மின் வேலை இல்லை. கட்டளை தொடங்கும் முன்பே, நாம் அடிக்கும் வரியைப் படித்துக் கட்டளைகளை இயக்கும் 'ஷெல்' என்ற நிரல் (பாஷ் அதில் ஒன்று) அந்தக் குறியைக் கோப்புப் பெயர்களாக விரித்துவிடும். ஆர்எம்மிடம் போய்ச் சேருவது பெயர்கள் மட்டுமே. நீங்கள் நட்சத்திரம் போட்டீர்களா, ஒவ்வொரு பெயராக அடித்தீர்களா என்று அதற்குத் தெரியாது. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸில், 1971இல் வந்த முதல் பதிப்பிலேயே இந்த விரிப்புக்கு 'குளோப்' என்ற தனி நிரல் இருந்தது. பழைய இயங்குதளமான டாஸில் விரிப்பது அந்தந்த நிரலின் பொறுப்பாக இருந்தது. அதனால்தான் அங்கே கோப்புகளை அழிக்கும் 'டெல்' கட்டளையால் நட்சத்திரத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்க முடிந்தது. யுனிக்ஸில் எல்லா நிரலுக்கும் ஒரே விதி கிடைக்கிறது, அந்த எச்சரிக்கை போய்விடுகிறது. எனக்கு யுனிக்ஸ் முறைதான் பிடிக்கும். ஆனாலும் இழப்பு சின்னதல்ல.

சரி, நீங்களே பார்க்கலாம். நாலைந்து கோப்புகள் உள்ள அடைவில் 'எக்கோ' என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு நட்சத்திரம் போடுங்கள். எக்கோ கொடுத்ததை அப்படியே திரையில் காட்டும் கட்டளை, அதற்குக் கோப்பு தேடவே தெரியாது, ஆனாலும் பெயர்கள் வரும். அப்புறம் நட்சத்திரத்தை ஒற்றை மேற்கோளுக்குள் வைத்து அடியுங்கள். வெறும் நட்சத்திரம்தான் திரும்பி வரும்.