‘வெஸ்டெட்’ என்பது ‘இன்வெஸ்ட்’ என்பதன் சுருக்கமன்று

அமெரிக்க ஓய்வூதியத் திட்டங்களில் வரும் ‘வெஸ்டெட்’ (vested, உரிமை உறுதியான) என்ற சொல் ‘இன்வெஸ்ட்’ (invest, முதலீடு செய்) என்பதன் சுருக்கம் என்றும், ‘வெஸ்டெட்’ நிலையை எட்டியவருக்கு உடனே ஓய்வூதியம் கிடைக்கும் என்றும் கூறப்படுவது இரு வகையிலும் பிழை. ஆடை உடுத்துதலைக் குறிக்கும் ‘வெஸ்டீரே’ என்ற இலத்தீன் வினையே இதன் வேர். நிலத்தையோ பதவியையோ ஒருவருக்கு முறைப்படி உரிமையாக்குவதை ஆடை போர்த்துவதாகக் கண்ட இடைக்கால ஐரோப்பிய வழக்கின் வழியே அது சட்டமொழியில் நிலைபெற்றது. (‘இன்வெஸ்ட்’ அதே வேரில் பிறந்த உடன்பிறப்பு; தாயன்று.) ஓய்வூதியத்தில் இச்சொல், வேலையை விட்டு விலகினாலும் இழக்காத உரிமையைக் குறிக்கிறதே தவிர, பணம் கைக்கு வரும் நாளை அன்று. ஐந்தாண்டுப் பணியின் பயனாக 30 வயதில் அவ்வுரிமையைப் பெற்றவரும், திட்டம் 65 வயதைக் குறித்திருந்தால், அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும்.