ஏழு டப்பாக்களும் ஒரு ரத்தப் பரிசோதனையும்

போன ஜனவரியில் மாரத்தானுக்கு பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கப் போயிருந்தேன். பிப் வாங்க ஐந்து நிமிடம் ஆனது. அரங்கை விட்டு வெளியே வர முக்கால் மணி நேரம். வழி நெடுகக் கடைகள். ஓடும்போது சக்திக்குச் சாப்பிடும் ஜெல், உப்பு மாத்திரை, புரதப் பொடி, பீட்ரூட் சாறு, 'ரெக்கவரி' என்று பெரிய எழுத்தில் போட்ட ஏதோ ஒன்று. முதல் அரை மாரத்தான் ஓட வந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி என் கையில் இருந்த பிப்பைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதில் எதெல்லாம் கட்டாயம் வாங்க வேண்டும்?" என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். நம்பவில்லை. விற்பனையாளர் முன்னால் நின்றுகொண்டு அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அந்த விளக்கம்தான் இந்தப் பதிவு. நீளமாக இருக்கும்.

முதலில் என் கதை. சென்னையில் எட்டு ஆண்டுகளாக ஓடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஏழு டப்பாக்கள் இருந்தன. ஒரு நாள் அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஓடினால் உடம்புக்கு நல்லது என்கிறாய். அப்புறம் எதற்கு இத்தனை மருந்து?" என்றார். மருந்து இல்லை அம்மா, சப்ளிமென்ட் என்று விளக்கினேன். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அந்த ஆண்டுதான் என் ஓட்டம் படுத்துவிட்டது. முன்பு பேசிக்கொண்டே ஓடிய வேகத்தில் இப்போது மூச்சிரைத்தது. வீட்டு மாடிப்படி ஏறினால் கால் கனத்தது. வயது என்றார்கள், வெயில் என்றார்கள். நான் எட்டாவது டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் குடும்ப மருத்துவர் ஃபெரிட்டின் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 12.1, அது சரி. ஃபெரிட்டின் 9. "கல்லாவில் சில்லறை இருக்கிறது, வங்கிக் கணக்கில் ஒன்றுமில்லை" என்றார். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவைக் காட்டுவது ஃபெரிட்டின். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறேன்.

நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு இரும்பு பல வழிகளில் கழிகிறது. பாதம் தரையில் மோதும்போது கொஞ்சம் சிவப்பணுக்கள் உடைகின்றன. வியர்வையிலும் குடல் வழியாகவும் கொஞ்சம் போகிறது. பெண்களுக்கு மாதவிடாய் வேறு. போதாததற்கு, கடுமையான பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் உயர்ந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. நான் காலையில் ஓடிவிட்டு, பத்து மணிக்குக் காபியோடு சத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். காபிக்கும் இரும்புக்கும் ஆகாது. ஒரே நேரத்தில் இரண்டு கதவையும் நானே சாத்தியிருக்கிறேன்.

இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படிப்பட்ட நாட்டில் ஓட வரும் பெண்ணிடம் முதலில் கேட்க வேண்டியது ஃபெரிட்டின் எவ்வளவு என்று. நாம் கேட்பது எந்த ஜெல் என்று. எனக்கு இரும்பு மாத்திரை வேலை செய்தது. நான்கு மாதத்தில் பழைய வேகம் திரும்பியது. ஆனால் ஃபெரிட்டின் 41ஐத் தொட்டதும் மருத்துவர் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அளவுக்கு மேல் சேர்ந்த இரும்பை வெளியேற்ற உடம்பில் தனி வழி கிடையாதாம். எனவே இதைப் படித்துவிட்டு யாரும் நேராக மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். பரிசோதனைக் கூடத்துக்குப் போங்கள்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருபவை அந்த ஏழில் இரண்டு: 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, கூடவே வைட்டமின் ஈ. ஞாயிறு நீண்ட ஓட்டம் முடிந்த கையோடு இரண்டையும் விழுங்குவேன். ஓடும்போது உடம்பில் ஃப்ரீ ராடிக்கல் என்ற விஷமிகள் உண்டாகின்றன, ஆன்ட்டிஆக்ஸிடன்ட் அவற்றை அடக்கும் என்று டப்பாவின் முதுகில் எழுதியிருந்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தசைக்குச் சேதி கொண்டுபோகிறவர்களில் அந்த விஷமிகளும் உண்டு. 'இவள் நாளைக்கும் ஓடுவாள் போலிருக்கிறது, தசைக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கு' என்கிற சேதி. தபால்காரரைத் தெருமுனையிலேயே மடக்கி அனுப்பிவிட்டு, கடிதம் வரவில்லையே என்று வாசலில் நின்றிருக்கிறேன்.

2009இல் ஜெர்மனியில் இளைஞர்களுக்கு நான்கு வாரம் பயிற்சி கொடுத்து, பாதிப் பேருக்கு இந்த இரண்டு வைட்டமின்களையும் தந்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது வைட்டமின் சாப்பிடாதவர்களுக்குத்தான். 2014இல் வெளிவந்த நார்வே ஆய்வில் 54 பேர், 11 வாரம். தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதன் அடையாளங்கள் வைட்டமின் குழுவில் மழுங்கியிருந்தன. அந்தப் 11 வாரத்தில் இரு குழுவினரின் ஓட்டத் திறனிலும் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. இருக்கட்டும். பயன் இல்லை, அல்லது கெடுதல். இந்த இரண்டில் ஒன்றுக்கா மாதாமாதம் காசு கொடுத்தேன்? கொய்யாப்பழமும் நெல்லிக்காயும் ஆகாது என்று யாராவது இதைத் திரித்து வாட்ஸப்பில் போட்டால் நான் பொறுப்பில்லை. இங்கே பேச்சு மாத்திரை அளவைப் பற்றி மட்டும்தான்.

வலி மாத்திரையும் இதே வகைதான். போட்டி நாள் காலையில் முன்னெச்சரிக்கையாக ஐப்யூபுரோஃபென் போட்டுக்கொள்கிறவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். பல நாள் நீளும் நெடுந்தூர ஓட்டம் ஒன்றில் 89 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வந்தது. நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை 400 மில்லிகிராம் எடுத்தவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனாலும் நம் ஊர் வெயிலில், உடம்பில் நீர் வற்றிய நிலையில், நான் அந்தப் பந்தயத்தைக் கட்ட மாட்டேன்.

அப்படியானால் எதுவுமே உதவாதா? உதவும். மாவுச்சத்து உதவும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்கள், குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்ததாக இருந்தால், வயிற்றைப் பழக்கி 90 வரை போகலாம். அது ஜெல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வசதிக்கு ஜெல், அவ்வளவுதான். கென்யாவின் முன்னணி ஓட்டக்காரர்கள் பத்துப் பேரின் சாப்பாட்டைக் கணக்கெடுத்து 2004இல் வெளியிட்டார்கள்: சக்தியில் முக்கால் பங்கு மாவுச்சத்திலிருந்து வந்தது. மக்காச்சோள மாவுக் களி, சோறு, கீரை, பாலும் சர்க்கரையும் சேர்த்த தேநீர். நம் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து ரொம்பத் தூரமில்லை. சோற்றைக் கண்டாலே பயப்படும் ஓட்டக்காரர்களை இங்கேதான் பார்க்கிறேன்.

காஃபீனும் உதவும், உடல் எடையில் கிலோவுக்கு மூன்று மில்லிகிராம் போதும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலிலிருந்து 2004இலேயே அதை எடுத்துவிட்டார்கள். பீட்ரூட் சாறு சிலருக்குக் கொஞ்சம் உதவுகிறது. பயிற்சி முதிர்ந்தவர்களுக்கு அந்தக் கொஞ்சமும் குறைகிறது.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு கவலை. ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்து 2004இல் வெளியிட்டது. ஹார்மோன் எதுவும் இல்லை என்று சொல்லி விற்றவை அவை. 94இல், அதாவது ஏறக்குறைய ஏழில் ஒன்றில், லேபிளில் இல்லாத ஹார்மோன் சமாச்சாரங்கள் இருந்தன. (ஏழில் ஒன்று! என் அலமாரியை நினைத்துக்கொண்டேன்.) 2012 லண்டன் மாரத்தானில் 30 வயதுப் பெண் ஒருவர் முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் சரிந்து இறந்தார். தண்ணீரில் ஒரு கரண்டி பொடி கலந்து குடித்திருந்தார். அதிலிருந்த டிஎம்ஏஏ என்ற ஊக்கி அவர் இறப்புக்குக் காரணமாகியிருக்கக்கூடும் என்றது மரண விசாரணை. அவர் ஓட வந்தது ஓர் அறக்கட்டளைக்கு நிதி திரட்ட. பதக்கத்துக்காக அல்ல, உலக சாதனைக்காக அல்ல. நம்மைப் போன்ற ஓட்டக்காரர்.

அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவும்தான் தங்கச்சி. மெதுவாக நிறைய ஓடு, வேகமாகக் கொஞ்சம் ஓடு, ஏழு மணி நேரம் தூங்கு, வயிறு நிறையச் சாப்பிடு. ரத்தத்தைப் பார்த்துவிட்டு, இல்லாதது எதுவோ அதை மட்டும் வாங்கு.

மேல்தட்டில் இப்போதும் ஏழு டப்பாக்கள் இருக்கின்றன. அம்மா கழுவிக் காயவைத்து, ஒன்றில் துவரம்பருப்பு, ஒன்றில் உளுந்து என்று நிரப்பிவிட்டார். மூடி நல்ல இறுக்கமாம், வண்டு வருவதில்லையாம்.