செடி வைத்தாயிற்று, அதை வெட்டுகிறவர் எங்கே நிற்பார்?

சிங்கப்பூரில் மாடித் தோட்டப் பராமரிப்பில் சில வருடங்கள் சூப்பர்வைசராக இருந்தேன். அதனாலோ என்னவோ, சுவர் முழுக்கப் பச்சையாக இருக்கும் கட்டடப் படத்தை யாராவது பகிர்ந்தால் என் கண் முதலில் விளிம்புக்குத்தான் போகும். அந்தக் கொடியை வெட்டுகிறவர் எங்கே கால் வைப்பார்?

ஒரு கட்டடத்தில் மொட்டை மாடிச் சுவர் 1 மீட்டர். தரையில் நின்று பார்த்தால் பத்திரம்தான். ஆனால் சுவரை ஒட்டியே 60 செ.மீ. உயரத்துக்குத் தொட்டி கட்டி மண் நிரப்பியிருந்தார்கள். மண்மேல் ஏறினால் மிச்சம் 40 செ.மீ., முழங்காலுக்குக்கூட வராது. பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை மாட்டும் வளையமோ காகிதப்பூப் புதருக்குள் மறைந்து கிடந்தது. மழை விட்ட ஒரு காலையில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் வளையத்தைத் தேடும்போதே வழுக்கி விழுந்தார். நல்லவேளை, உள்பக்கமாக. அப்புறம் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஹார்னஸ் (உடலோடு கட்டும் பாதுகாப்புப் பட்டை) போட்டிருந்தாரா?" போட்டிருந்தார். மாட்டத்தான் இடமில்லை. உயரத்தில் வேலை செய்ய அன்று கொடுத்த பர்மிட்டில் இருந்தது என் கையெழுத்து. இன்றும் உறுத்துகிறது.

3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு அந்த பர்மிட் கட்டாயம். சரி, ஆனால் காகிதம் தொட்டியை நகர்த்தாது. பின்னால் பராமரிப்பவருக்கு வரும் ஆபத்தையும் வரையும்போதே யோசித்து நீக்க வேண்டும் என்று 2016 ஆகஸ்ட் முதல் இங்கே விதி இருக்கிறது. அது 1 கோடி சிங்கப்பூர் டாலரும் அதற்கு மேலும் ஆகும் திட்டங்களுக்குத்தான். பழைய கடைவீட்டு மாடியில் புதிதாகத் தோட்டம் போட்டால் அந்த விதி எட்டாது. அங்கே ஏறுகிறவரும் அதே தம்பிதான்.

இத்தாலியின் மிலான் நகரில், மாடிதோறும் மரங்கள் வளரும் 'செங்குத்துக் காடு' கோபுரங்களில் கயிற்றில் இறங்கி மரம் வெட்டுகிறவர்களைப் 'பறக்கும் தோட்டக்காரர்கள்' என்று கொண்டாடுகிறார்கள். அவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்ற மரமேறிகள். ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்கூட ஆகாதவரிடம் அந்தத் துணிச்சலை எதிர்பார்ப்பது அநியாயம்.

தொட்டியைச் சுவரிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். நடுவே ஆள் நடக்க வழி விடுங்கள். விளிம்பில் மெதுவாக வளரும் செடிகளை வையுங்கள், வருடத்துக்கு எத்தனை முறை அங்கே போக வேண்டும் என்பதே அதில்தான் இருக்கிறது. உரமூட்டையைத் தோளில் சுமந்து இரும்பு ஏணியில் ஏறும்படி விடாதீர்கள்.

அந்தச் சுவர்மேல் கம்பித் தடுப்பு கேட்டு எழுதிக் கொடுத்தேன். மேலிருந்து பார்க்கும் காட்சி கெட்டுவிடும் என்றார்கள். நான் வேலையை விடும்வரை போடவில்லை.