நாலு சாத்து சாத்தினால் கம்பெனி தேறுமா?

போன ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறை டீக்கடையில், கூடப் படித்தவன் ஒருவன் ஒரே போடாகப் போட்டான்: "மஸ்க் மாதிரி ஒரு ஆளு வந்து நாலு சாத்து சாத்துனாத்தாண்டா எந்தக் கம்பெனியும் உருப்படும்." அங்கே பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே.

முதலில் அவன் பக்கத்து நியாயம். 2022 அக்டோபரில் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கினார் மஸ்க். சுமார் ஒரு வாரத்தில் பாதிப் பேர் வீட்டுக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு நவம்பரில் ஒரு மெயில்: மாடாக உழைக்கச் சம்மதமா, இல்லையென்றால் மூன்று மாதச் சம்பளத்தோடு கிளம்பலாம். 'சைட் ஒரு வாரம் தாங்காது' என்று அன்று சொன்னவர்களில் நானும் ஒருவன். தாங்கியது. 8,000-க்குக் கொஞ்சம் குறைவாக இருந்த ஆட்கள் சுமார் 1,500 ஆகிவிட்டார்கள் என்று 2023 ஏப்ரலில் அவரே பிபிசியிடம் சொன்னார். தேவைக்கு மேல் ஆள் இருந்தது என்ற வாதத்தை இனி மறுக்க முடியாது.

சரி, சைட் ஓடியது. கம்பெனி தேறியதா? விளம்பர வருமானம் பாதியாகக் குறைந்துவிட்டது, கடன் சுமை வேறு என்று 2023 ஜூலையில் எழுதியதும் அவரேதான். வாங்குவதற்கு எடுத்த கடனில் சுமார் 1,300 கோடி டாலரைக் கம்பெனியின் தலையிலேயே கட்டியிருந்தார்கள். 2025 மார்ச்சில் தன்னுடைய இன்னொரு கம்பெனியான எக்ஸ்ஏஐ-க்குக் கைமாற்றியபோது, கடன் போக 3,300 கோடி என்று மதிப்புப் போட்டார். விற்றவரும் அவர், வாங்கியவரும் அவர், விலை சொன்னவரும் அவர்!

ஸ்டீவ் ஜாப்ஸ் மட்டும் சாதுவா என்பான் நண்பன். இல்லைதான். 1997-இல் ஆப்பிளுக்குத் திரும்பி வந்து, கணக்கில்லாமல் கிடந்த மாடல்களை வெட்டி நாலு கட்டத்துக்குள் அடக்கியவர். ஆனால் அடுத்த வருஷம் வந்த ஐமேக் கம்ப்யூட்டரின் வடிவமைப்பைப் பார்த்துக்கொண்ட ஜானி ஐவ், 1992 முதலே அங்கே வேலையில் இருந்தவர். ஜாப்ஸ் அவரை அனுப்பவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

வேலந்தாவளம் வழியாகத் தினமும் கோவைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த காலத்தில் நான் இருந்த சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியும் கைமாறியது. புது முதலாளி உழைப்பாளி, அதில் குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு முன்னால் வந்து எங்களுக்குப் பின்னால் போவார். அஞ்சரை மணிக்குப் பையைத் தூக்கும் சீனியர் அண்ணன் ஒருவரை முதல் மாதமே அனுப்பிவிட்டார். பார்ப்பவர்களுக்கு அந்த அண்ணன் சும்மா உட்கார்ந்திருப்பவர்தான். மாதக் கடைசி ராத்திரி ஓடும் பில்லிங் ஸ்கிரிப்ட், அதாவது பில் போடும் புரோகிராம், நடுவில் சிக்கி நிற்கும். எந்தக் கணக்கை விட்டுவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும் என்பது அவர் மானிட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் இருந்தது. மேஜையைக் காலி செய்தபோது சீட்டும் குப்பைக்குப் போய்விட்டது.

அந்த மாதம் ஒரு பில்லும் போகவில்லை. மூன்று பேர் விடிய விடிய உட்கார்ந்தோம். முதலாளி முதுகுக்குப் பின்னாலேயே நின்று "எப்ப முடியும், எப்ப முடியும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காலை ஏழு மணிக்கு வெட்கத்தை விட்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் மோட்டார் சத்தம். சித்தூருக்குப் பக்கத்தில் தோப்பில் இருந்தார்.

"தண்ணி பாஞ்சுட்டிருக்குது தம்பி. கடைசி மரத்துக்கு விட்டுட்டுக் கூப்பிடறேன். அதுவரைக்கும் அவரைக் கொஞ்சம் உக்காரச் சொல்லு."