“பையனுக்கு எத்தனை மாசம் பால் குடுத்தே?”

போன வாரம் தெரபி சென்டரில் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் அவிநாசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. இப்போது எட்டு மாசம் முழுகாமல் இருக்கிறாள். மூத்தவனுக்கு நாலு வயசு, ஆட்டிசம். ரொம்ப நேரமாகச் சேலை முந்தியைத் திருகிக்கொண்டே இருந்தவள் சட்டென்று கேட்டாள். “ஏனுங்க்கா, மூத்தவனுக்கு மூணு மாசத்தோட நிறுத்திப்போட்டேன். இந்தப் புள்ளைக்கு ரெண்டு வருசம் விடாம குடுத்தா, இதுக்கு அப்பிடி வராதுங்களா?”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேனே தவிர வாயில் வார்த்தை வரவில்லை. என் மகள் வயிற்றில் இருந்த பத்து மாசமும் ராத்திரி மல்லாந்து படுத்துக்கொண்டு இதே கேள்வியைத்தான் நான் மோட்டுவளையிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அரைகுறையாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அவளும் படிப்பாள், அவளைப் போல இன்னும் நாலு பேர் படிப்பார்கள், முக்கியமாக அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் படிக்க வேண்டும்.

என் மகன் 2016இல் சிசேரியனில் பிறந்தான். முதல் நாளிலிருந்தே அவனுக்குப் பால் குடிப்பது ஒரு சண்டை. மாரில் வைத்தால் நாலு இழுப்பு இழுப்பான், வாய் நழுவும், முதுகை வில் மாதிரி வளைத்துப் பின்னுக்குப் போவான், அழுவான், அழுதுகொண்டே தூங்கிவிடுவான். அரை மணி நேரம் கழித்துப் பசியில் மறுபடியும் எழுவான். எனக்குப் பால் இல்லாமல் இல்லை. கட்டிக்கொண்டு காய்ச்சல் வருகிற அளவுக்கு இருந்தது, பீய்ச்சிப் பீய்ச்சித் துண்டு நனையும். ஆனால் அவன் குடிக்கவில்லை. நர்ஸ் அக்கா வந்து பிடிக்கிற விதத்தை மாற்றிக் காட்டினார், கொஞ்ச நேரம் சரியாகும், அப்புறம் பழைய கதைதான். எங்கள் அம்மாயி மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லாமல், பீய்ச்சிய பாலைப் பாலாடையில் ஊற்றி, அவன் கடைவாயோரம் வைத்துச் சொட்டுச் சொட்டாக இறக்குவார். ஒரு பாலாடை உள்ளே போக முக்கால் மணி நேரம். அவருக்கு அப்போது எழுபத்தாறு வயசு, கை நடுங்கும். ஆனால் அந்தப் பாலாடையைப் பிடிக்கும்போது மட்டும் நடுங்கவே நடுங்காது.

முப்பத்தெட்டாம் நாள் டாக்டர் எடை பார்த்துவிட்டுப் பவுடர் பாலும் சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம். மூணாம் மாசம் முடியும்போது பவுடர் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. விருந்தாட்கள் வந்தால் அந்த டப்பாவை அரிசி அண்டாவுக்குப் பின்னால் எடுத்து வைத்துவிடுவேன். ஏதோ திருட்டுச் சாமான் மாதிரி.

அவனுக்கு ரெண்டே முக்கால் வயசில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். அதற்கப்புறம் ஒரு காதுகுத்துக்குத் தாராபுரம் போயிருந்தோம். சீர்த்தட்டு வைத்திருந்த மண்டபத்தில், நாலு பேர் நடுவில், உறவில் பெரியவர் ஒருவர் கேட்டார். “ஏன் அம்மிணி, பையனுக்கு எத்தனை மாசம் பால் குடுத்தே?” மூணு மாசம் என்றேன். “அதான்” என்றார். அவ்வளவுதான், ஒரே சொல். அவர் கெட்டவர் இல்லை, எனக்குப் பிரசவத்தின்போது ராகி மாவும் நெய்யும் கொண்டுவந்து கொடுத்தவர். ஆனால் அந்த “அதான்” என் நெஞ்சில் பல வருசம் கிடந்தது.

சரி, நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன். தாய்ப்பால் குறைவாகக் குடித்த பிள்ளைகளிடம் ஆட்டிசம் அதிகமாகத் தெரிகிறது என்று சொல்கிற ஆய்வுகள் இருப்பது உண்மைதான். வாட்ஸாப்பில் வருவது எல்லாமே பொய் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை எப்படி நடக்கின்றன? ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் தாய்மார்களையும் மற்ற தாய்மார்களையும் கூப்பிட்டு, எத்தனை மாசம் கொடுத்தீர்கள் என்று பல வருசம் கழித்துக் கேட்கிறார்கள், ரெண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். அதில் ரெண்டும் சேர்ந்து இருப்பது தெரியும். எது முதலில் வந்தது என்பது தெரியாது. பால் குறைந்ததால் பிள்ளை இப்படி ஆனானா, பிள்ளை இப்படி இருந்ததால் பால் குறைந்ததா? என் வீட்டில் நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். முதல் நாளே என் மகனுக்கு உறிஞ்சி, விழுங்கி, மூச்சு விட்டு, மறுபடி உறிஞ்சுகிற அந்தத் தாளம் பிடிபடவில்லை. என் தோல் பட்டாலே அவன் நெளிவான். பால் நின்றது மூணாம் மாசம்.

இது நான் எனக்கு ஆறுதலுக்குக் கட்டிய கதை இல்லை. 1943இல் லியோ கானர் என்ற டாக்டர் ஆட்டிசத்தைப் பற்றி விரிவாக எழுதினார், மொத்தம் 11 பிள்ளைகளைப் பார்த்து. அந்த 11 பேரில் 6 பேருக்குப் பிறந்ததிலிருந்தே பால் குடிப்பதில், சாப்பாட்டில் பெரிய சிரமம் இருந்ததாக அவரே எழுதியிருக்கிறார். அதில் ஒரு பெண் குழந்தைக்கு ஒரு வயசு வரை குழாய் வழியாகத்தான் ஆகாரம். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. நன்றாகக் குடித்து, நன்றாக வளர்ந்து, ரெண்டு வயசில் தெரிந்த பிள்ளைகளும் எங்கள் பெஞ்சிலேயே உண்டு. ஒருத்தி ரெண்டரை வருசம் கொடுத்தவள். அவள் மகனும் என் மகனும் ஒரே நேரத்தில் ஒரே டீச்சரிடம் உள்ளே போகிறார்கள்.

அந்தக் காலத்தில் இன்னொரு அநியாயமும் நடந்தது. தாய் பாசமில்லாமல் ஜில்லென்று இருந்ததால் பிள்ளை இப்படி ஒடுங்கிக்கொண்டது என்று ஐம்பது அறுபதுகளில் அமெரிக்காவில் பெரிய பெரிய ஆட்களே பேசினார்கள். அதை 1964இல் எதிர்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் பெர்னார்ட் ரிம்லாண்ட், உளவியல் படித்தவர், தன் மகனுக்கே ஆட்டிசம் இருந்தவர். 1977இல் இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு வந்தபோது இது பெரும்பாலும் மரபணு சம்பந்தப்பட்டது என்று தெரிய ஆரம்பித்தது. 2019இல் அஞ்சு நாடுகளில் 20 லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் யாருக்கு வருகிறது என்பதிலுள்ள வித்தியாசத்தில் கிட்டத்தட்ட 80 சதவீதம் மரபணு வழியாக வருவது என்று தெரிந்தது. இத்தனைக்கும் பிறகு “அதான்” என்று ஒரு தாயைப் பார்த்துச் சொல்வதும், ஐம்பதுகளில் அவர்கள் சொன்னதும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது பாசம் குறை என்றார்கள், இப்போது பால் குறை என்கிறார்கள். குற்றவாளி மட்டும் அதே ஆள்.

இந்தக் குற்ற உணர்ச்சி சும்மா மனசுக்குள் இருந்துவிட்டுப் போகாது, பிள்ளையின் தட்டில் வந்து கை வைக்கும். எங்கள் வீட்டில் வைத்தது. மகனுக்கு நாலு வயசு இருக்கும்போது கோயமுத்தூரில் ஒருவரிடம் போனோம். பாலும் கோதுமையும் அடியோடு நிறுத்துங்கள், ஆறு மாசத்தில் பேசுவான் என்றார். பால் புரதமும் கோதுமைப் புரதமும் குடலில் அபின் மாதிரி மாறி மூளைக்குப் போகிறது என்பது பல வருசமாகச் சுற்றுகிற ஒரு கணிப்பு. அதைச் சோதித்த ஆய்வுகள் சின்னச் சின்னவை, உறுதியான பலன் எதுவும் நிரூபணமாகவில்லை. எனக்கு அப்போது அது தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேனோ என்னவோ, ஏனென்றால் ஆரம்பத்தில் பாலில் தப்புச் செய்துவிட்டோம், இப்போது பாலில் சரிசெய்கிறோம் என்று ஒரு வெறி. என் மகன் அப்போது சாப்பிட்டதே அஞ்சு சாமான்தான். வெறும் சந்தகை, தயிர் சாதம், பால், மேரி பிஸ்கட், நேந்திரம் சிப்ஸ். சந்தகையில் ஒரு சொட்டுத் தேங்காய்ப்பால் பட்டாலும் தட்டைத் தள்ளிவிடுவான். அதில் மூன்றை நான் பிடுங்கினேன். நாலு மாசத்தில் ரெண்டு கிலோ இறங்கிவிட்டான். குளிப்பாட்டும்போது விலா எலும்பு கையில் தட்டியது. குழந்தை டாக்டர் திட்டிய திட்டில்தான் மறுபடி தயிர் கொடுத்தேன். முதல் நாள் தயிர் சாதக் கிண்ணத்தைப் பார்த்ததும் அவன் அதை ரெண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தான். அதை நான் மறக்க மாட்டேன். பால் நிஜமாகவே ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு, அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ஏற்கெனவே அஞ்சே அஞ்சு சாப்பிடுகிற பிள்ளையிடம் யார் பேச்சையோ கேட்டு மூன்றைப் பிடுங்காதீர்கள்.

இப்போது ரெண்டாவது பிள்ளை விசயம். இதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ஆட்டிசம் பிள்ளை இருக்கிற வீட்டில் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பது மற்ற வீட்டில் கொடுப்பது போல இல்லை.

என் மகள் 2020இல் பிறந்தாள். கெட்டியாகப் பிடித்துக் குடித்தாள், பால் இவ்வளவு சுலபமாக ஒரு பிள்ளைக்குள் போகுமா என்று முதல் நாள் அழுதுவிட்டேன். ஆனால் அவள் அழுதால் அண்ணனுக்குத் தாங்காது. காதைப் பொத்திக்கொண்டு சுவரில் தலையை முட்டுவான். நான் பால் கொடுக்க உட்கார்ந்தால் வந்து என் வளையலைப் பிடித்து இழுப்பான், பாப்பாவின் காலைப் பிடித்து இழுப்பான். கொஞ்ச நாள் பாத்ரூமுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தேன். வெளியே அவன் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பான். நாலாம் மாசம் ஒரு முடிவுக்கு வந்தோம். ராத்திரியும் காலையிலும் என் பால். சாயங்காலம் அவன் ரொம்பத் தவிக்கிற நேரத்தில், என் வீட்டுக்காரர் பாப்பாவை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்ப் பாலாடையில் பவுடர் பால் கொடுப்பார், நான் மகனோடு ஊஞ்சலில் இருப்பேன். ஊஞ்சல் ஆடினால்தான் அவன் அடங்குவான். இப்படியே பதினாலு மாசம்.

எங்கள் பெஞ்சில் இன்னொருத்தி ரெண்டாவதுக்கு முதல் நாளிலிருந்தே பவுடர்தான். அவளுக்கு யாராவது விடாமல் தொட்டுக்கொண்டே இருந்தால் உடம்பெல்லாம் எரிகிற மாதிரி இருக்குமாம், மூத்தவனுக்குக் கொடுத்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தாளாம். மகனுக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தனக்கும் அந்தக் கூறு இருப்பதே அவளுக்குப் புரிந்தது. ஆட்டிசம் உள்ள பெண்களுக்குப் பால் கொடுக்கிற தொடுதலே தாங்க முடியாமல் போவது உண்டு. இன்னொருத்தி பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டில் தைக்கிறவள். 2017லிருந்து சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு லீவு. பீஸ் ரேட்டில் இருக்கிறவளுக்கு அது பெரும்பாலும் கைக்கு வருவதில்லை. தெரபி ஃபீஸ் வேறு கட்ட வேண்டும். மூணாம் மாசம் மிஷினில் போய் உட்கார்ந்தாள். இவர்களில் யாரைப் பார்த்து “அதான்” என்று சொல்வீர்கள்?

தாய்ப்பால் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முடிந்தவர்கள் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் கொடுங்கள், அப்புறம் ராகிக் கூழ், பருப்புச் சாதத்தோடு சேர்த்து ரெண்டு வயசு வரைக்கும் அதற்கு மேலும் கொடுங்கள். வயிற்றுப்போக்கிலிருந்தும் சளிக் காய்ச்சலிலிருந்தும் அது பிள்ளையைக் காக்கும், தாய்க்கும் நல்லது. பவுடர் பால் கம்பெனி ஆஸ்பத்திரிக்குள் வந்து சாம்பிள் கொடுக்கக் கூடாது, விளம்பரம் பண்ணக் கூடாது என்று 1992லேயே சட்டம் வந்திருக்கிறது, அது நல்ல சட்டம். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் கொதித்த தண்ணியில், டப்பாவில் போட்டிருக்கிற அளவில், தண்ணியாக்காமல், பாட்டிலுக்குப் பதில் பாலாடையில் கொடுங்கள். பேச்சு வரும் என்று சொல்லி வீட்டு வாசலில் கறந்து விற்கிற கழுதைப் பாலைப் பச்சையாக ஊற்றாதீர்கள், நாக்கில் தேனும் தடவாதீர்கள். ஒரு வயசுக்குள் தேன் ஆபத்து. தாய்ப்பால் கொடுக்க இத்தனை நல்ல காரணம் இருக்கும்போது ஆட்டிசத்துக்குக் காப்புக் கயிறு மாதிரி அதைக் கட்டிவிடாதீர்கள். அப்படிக் கட்டிக்கொண்டு கொடுத்தவள், நாளைக்கு அந்தப் பிள்ளைக்கும் வந்துவிட்டால் உடைந்து போவாள்.

வரலாம் என்பதையும் மறைக்கக் கூடாது. மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் இருக்கிற வாய்ப்பு ஏறக்குறைய அஞ்சில் ஒன்று. அஞ்சில் நாலு பேருக்கு இருக்காது. அதனால் கவனத்தை வேறு பக்கம் வையுங்கள். ஒரு வயசில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, காக்காயைப் பார் என்றால் பார்க்கிறதா, ஒன்றரை வயசுக்குள் விரல் நீட்டிக் காட்டுகிறதா, இருந்த வார்த்தை போய்விட்டதா. சந்தேகம் வந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி என்கிற ஆரம்பநிலை சிகிச்சை மையம் இருக்கிறதா என்று கேட்டுப் போங்கள், காசில்லாமல் பார்ப்பார்கள். மூணு வயசு வரைக்கும் பார்ப்போம், அவிங்க அப்பாரும் லேட்டாத்தான் பேசுனாரு என்று உட்கார்ந்திருக்காதீர்கள். நாங்கள் அப்படி ஒரு வருசம் உட்கார்ந்திருந்தோம். எனக்கு உண்மையாக ஒரு வருத்தம் உண்டென்றால் அது அந்த ஒரு வருசம்தான். பால் இல்லை.

அவிநாசிக்காரிக்கு நேற்று ராத்திரி போன் போட்டேன். இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள். “அக்கா, பெரியவன் கத்துறப்ப நீங்க பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு உக்காந்தேன்னீங்கல்ல, அது எவ்வளவு உசர ஸ்டூலுங்க?”

எங்கள் வீட்டு ஸ்டூல் முக்காலடி உயரம், பழைய பலகை ஸ்டூல். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாலாடை என்னிடம் ரெண்டு இருக்கிறது, அம்மாயி வைத்திருந்ததையும் சேர்த்து எடுத்துப் போகிறேன்.