ஊர்ச் சாமியைத் திருப்பிக் கொடுத்தவன்

தொல்பொருள் ஆய்வாளன் ஒருவனின் சாகசங்களைச் சொல்லும் இண்டியானா ஜோன்ஸ் படங்களில் எது பிடிக்கும் என்று கேட்டால் பலரும் 1981-ல் வந்த முதல் படத்தைச் சொல்வார்கள். இல்லாவிட்டால் ஷான் கானரி அப்பாவாக வரும் 1989 படத்தை. எனக்கு 1984-ல் வந்த இரண்டாவது படம்தான், 'டெம்பிள் ஆஃப் டூம்'. இந்த வரிசையிலேயே நம்மை அதிகம் புண்படுத்திய படமும் அதுதான். தெரிந்தேதான் சொல்கிறேன்.

புண்பட்டதை முதலில் பேசிவிடலாம். அரண்மனை விருந்தில் குரங்கு மூளை பரிமாறுகிறார்கள். பெரிய பாம்பின் வயிற்றைக் கீறினால் குட்டிகள் நெளிந்து வருகின்றன. சூப்பில் கண்கள் மிதக்கின்றன. அதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். காளியை, உயிரோடு இருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கிப் படைக்கிற தெய்வமாகக் காட்டியதைத்தான் மன்னிக்க முடியவில்லை. எங்கள் ஊரில் காளி எல்லையில் இருக்கிறாள். ஆடி பிறந்தால் கூழ் ஊற்றுகிறோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அவள் வாசலில்தான் போய் நிற்கிறோம். கதையைப் படித்த இந்திய அரசு மாற்றங்கள் கேட்டது; படக்குழு இலங்கைக்குப் போய்விட்டது. 1983 ஏப்ரலில் கண்டிப் பக்கம் படப்பிடிப்பு. அந்தப் பெயர்பெற்ற தொங்கு பாலத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள், அப்போது மகாவலியில் விக்டோரியா அணை வேலையில் இருந்த பிரிட்டிஷ் பொறியாளர்கள். இலங்கையில் எடுத்ததால்தான் இந்தியக் கிராமம் என்று சொல்லப்படுகிற மாயாபூரில் ஜனங்கள் சிங்களம் பேசுகிறார்கள். ஊர்ப் பெரியவராக வருபவரும் சிங்கள நடிகர் டி.ஆர்.நானாயக்கார. அவர் முகத்தை நான் மறந்ததே இல்லை.

அந்தப் பெரியவர் நாயகனைக் கூட்டிப்போய் ஒரு மாடத்தைக் காட்டுவார். வெறும் மாடம். உள்ளே இருந்த கல்லை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கிணறு வற்றியது, ஆறு மணலானது, பயிர் செத்தது, கடைசியில் ஊர்ப் பிள்ளைகளும் காணாமல் போனார்கள். அந்தக் காட்சியில் எந்த வித்தையும் இல்லை. ஒரு கிழவர், ஒரு வெற்று மாடம், அவ்வளவுதான். சாமி களவு போன ஊரைப் பார்த்தவர்களுக்கு அந்த முகம் தெரியும்.

காணாமல் போன கல் எது தெரியுமா? சிவன் கொடுத்த கல். படம் சொல்லும் புராணப்படி சங்கரர் என்பவர் கயிலைக்குப் போய்ச் சிவனிடம் ஐந்து கற்களை வாங்கி வருகிறார். நீள உருண்டைக் கல், குறுக்கே மூன்று கோடு. மூன்று உலகத் தத்துவம் என்று படத்தில் ஒரு விளக்கம் கொடுக்கிறார்கள். நம் கண்ணுக்கு அது லிங்கமும் திருநீற்றுப் பட்டையும்தான். ஆதிசங்கரர் கயிலையிலிருந்து ஐந்து ஸ்படிக லிங்கங்களைக் கொண்டுவந்தார் என்ற மரபுக் கதை நம்மிடம் உண்டு. கேதாரம், நேபாளத்து நீலகண்டம், சிருங்கேரி, சிதம்பரம், காஞ்சி என்று ஐந்து இடம் சொல்வார்கள். சிதம்பரத்தில் இருப்பது மோட்ச லிங்கம், காஞ்சியில் இருப்பது யோக லிங்கம். காளியை அப்படிக் கெடுத்த அதே திரைக்கதைக்குள் இந்தக் கதையின் சாயல் இருப்பதைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். பாலம் அறுந்து, வில்லனிடமிருந்து மீட்ட மூன்று கற்களில் இரண்டு ஆற்றோடு போய், ஒன்றுதான் மிஞ்சுகிறது. பிள்ளைகள் ஊருக்குள் ஓடி வருகிறார்கள், தாய்மார் வாரி அணைக்கிறார்கள். ஜோன்ஸ் அந்தக் கல்லைப் பெரியவர் கையில் கொடுத்துவிடுகிறான். நீங்களே வைத்துக்கொண்டிருக்கலாமே என்று கூட வந்தவள் கேட்கிறாள். எதற்கு, மியூசியத்தில் வைப்பார்கள், இன்னொரு கல்லாகத் தூசி படிந்து கிடக்கும் என்கிறான். படம் முழுக்கப் பணமும் புகழும் என்றே பேசிக்கொண்டிருந்தவன் வாயிலிருந்து வருகிற வார்த்தை இது.

படம் வந்த அதே காலத்தில் நம் பத்தூர் நடராஜர் லண்டனில் வழக்கில் இருந்தார். 1976-ல் தோண்டும்போது கிடைத்து, கை மாறிக் கை மாறிக் கடல் கடந்து, 1982-ல் லண்டன் போலீஸ் கைப்பற்றிய சிலை. வாங்கிய கம்பெனி, எங்கள் சொத்து என்று கோர்ட்டுக்குப் போனது. இந்தப் பக்கம் உரிமை கேட்டவர்களில் இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் இருந்தன. கோயிலும், அங்கே இருந்த சிவலிங்கமும்கூட இருந்தன. இடிந்து கிடந்த ஒரு தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயிலுக்குத் தன் சாமியைத் திருப்பிக் கேட்கும் உரிமை உண்டு என்று ஆங்கிலேய நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1991-ல் நடராஜர் ஊர் திரும்பினார். கல்லின் பேரில் ஊர் பிழைக்கிறது என்பதை ஹாலிவுட் மாயாஜாலமாகச் சொன்னது. நம் ஆட்கள் அதைச் சட்டப்படி வாதாடி ஜெயித்தார்கள்.

இப்போது என்னை உறுத்தும் விஷயம். இரண்டாவது படத்தின் கதை நடப்பது 1935-ல். முதல் படத்தின் கதை 1936-ல். வில்லன்களாக மறுபடி நாஜிகளே வேண்டாம் என்றுதான் இந்தப் படங்களின் கதையை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் கதையை ஒரு வருடம் பின்னுக்குத் தள்ளினார். அதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 1935-ல் ஊர்க் கல்லைத் திருப்பிக் கொடுத்த அதே மனிதன், அடுத்த வருடம் பெருவில் ஹோவிட்டோஸ் மக்களின் கோயிலுக்குள் இறங்குகிறான். மணல் பையைக் கையில் தூக்கி எடை பார்க்கிறான், கொஞ்சம் மணலைக் கொட்டுகிறான், பொன் சிலையை எடுத்துவிட்டுப் பையை அந்த இடத்தில் வைக்கிறான். சினிமா வரலாற்றிலேயே அழகான திருட்டு. அந்த விரல்களின் அசைவை நானும் எத்தனையோ முறை ரசித்திருக்கிறேன். ஆனால் திருட்டுதானே? 1938-ல் நடக்கும் மூன்றாவது படத்தில் ஒரு சிலுவைக்காக, இது மியூசியத்தில் இருக்க வேண்டியது என்று சண்டையே போடுகிறான். தூசி படியும் என்று சொன்னவன்!

2008-ல் வந்த படத்தில் ஸ்படிக மண்டையோட்டை அதன் இடத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அங்கே கேட்டு நிற்க ஒரு ஊர் இல்லை, அழும் கிழவர் இல்லை. 2023 படத்தைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. ஜோன்ஸாக நடிக்கும் ஹாரிசன் ஃபோர்டின் முகத்துக்காகப் பார்க்கலாம்.

இந்த உறுத்தலுக்குப் பதில் தேடித்தான் நாவல்களுக்குப் போனேன். இந்தப் படங்களை ஒட்டி நாவல் வரிசையே உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1991 முதல் 1999 வரை பாண்டம் பதிப்பகம் 12 நாவல்கள் போட்டது. மூன்றாவது படத்தை நாவலாக்கிய ராப் மெக்ரெகர் முதல் ஆறும், விமானங்களைப் பற்றி எழுதிப் பேர்பெற்ற மார்ட்டின் கைடின் இரண்டும், மேக்ஸ் மெக்காய் நான்கும் எழுதினார்கள். ஜெர்மனியில் வுல்ஃப்காங் ஹோல்பைன் தனியாக எட்டு எழுதியிருக்கிறார். கைடினில் கதையைவிட விமானம் அதிகம், எனக்கு ஒட்டவில்லை. மெக்காய் 1995-லேயே ஸ்படிக மண்டையோட்டைக் கொண்டுவந்துவிட்டார், படம் வருவதற்கு 13 வருடம் முன்பு. அதன் சாபத்தை நான்கு புத்தகத்துக்கும் இழுத்துப் போகிறார்.

என் மனசுக்கு நெருக்கமானவர் மெக்ரெகர்தான். திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதைக் கடையில் அவருடைய 'செவன் வெயில்ஸ்' நாவல் கிடைத்தது. பழுப்பேறிய தாள், முதுகில் செலோடேப். வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே ஐம்பது பக்கம் ஓடிவிட்டது. படங்களில் ஜோன்ஸ் வந்து இறங்கும்போதே தொப்பியும் சாட்டையுமாக முழு ஆளாக இருக்கிறான். மெக்ரெகரிடம் அவன் மாணவன், பாரிஸில் கிரேக்கம் படிக்கிறான், டெல்ஃபிக்குப் போகிறான், லண்டனில் பாடம் எடுக்கிறான், டெய்ட்ரி என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணைக் காதலிக்கிறான். தப்புச் செய்கிறான், ஏமாறுகிறான். (வாசிக்க நினைப்பவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

'செவன் வெயில்ஸ்' கதையில் இருவரும் பெர்சி ஃபாசெட்டின் தடம் தேடி அமேசான் காட்டுக்குப் போகிறார்கள். அவளை மணக்கிறான். விமான விபத்தில் அவளைப் பறிகொடுக்கிறான். திரையில் நாம் பார்க்கும் அந்த அலட்சியச் சிரிப்புக்குப் பின்னால் மனைவியை இழந்த ஒருவன் இருக்கிறான் என்று வாசித்த பிறகு, படங்களையே வேறு மாதிரிதான் பார்க்க முடிகிறது. எந்தப் படத்திலும் அவள் பேரைக்கூட எடுப்பதில்லை.

அந்த நாவலில் தேடப்படும் பெர்சி ஃபாசெட் கற்பனை ஆள் இல்லை. தொலைந்த நகரம் ஒன்றைத் தேடி 1925-ல் மகனோடும் மகனின் நண்பனோடும் பிரேசில் காட்டுக்குள் போனவர் திரும்பவே இல்லை. அதற்கெல்லாம் வெகு முன்பு, இளம் வயதில் அவர் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்த இடம் திருகோணமலை. கண்டி மன்னர்களின் புதையல் பற்றி ஒரு குறிப்பு கையில் கிடைக்க, அதைத் தேடி இலங்கைக் காட்டுக்குள் அலைந்திருக்கிறார். புதையல் பைத்தியம் அவரைப் பிடித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய நூறு வருடம் கழித்து அதே கண்டிக்குத்தான், கல்லைத் திருப்பிக் கொடுக்கும் இந்தக் கதையைப் படமாக்க வந்தார்கள்.

ஆனால் நான் தேடிப் போன பதில் மட்டும் கிடைக்கவில்லை. பாண்டம் நாவல்கள் எல்லாமே 1935-க்கு முன்னால் நின்றுவிடுகின்றன. மாயாபூரிலிருந்து பெரு வரைக்குமான அந்த ஒரு வருடத்தில் அவனுக்கு என்ன ஆனது? அந்தக் கிழவரின் முகம் எப்போது மறந்துபோனது? எழுதப்பட வேண்டிய நாவல் அதுதான். யாராவது எழுதினால் முதல் பிரதி நான் வாங்குவேன்.

போன வாரம் முதல் படத்தை மறுபடி போட்டேன். கோயிலிலிருந்து தப்பி வெளியே வருபவனிடம் அவனுடைய போட்டி ஆய்வாளன் பெல்லாக் சிலையைப் பிடுங்கிக்கொண்டு தலைக்குமேல் தூக்கிக் காட்டுவான். சுற்றி நிற்கும் ஹோவிட்டோஸ் மக்கள் அத்தனை பேரும் ஈட்டியோடு அப்படியே மண்ணில் விழுந்து வணங்குவார்கள். ஜோன்ஸ் அந்த நொடியில் ஓட்டம் எடுக்கிறான், கேமராவும் அவன் பின்னால் ஓடிவிடுகிறது. நான் அங்கே நிறுத்திவிட்டு, தரையில் கிடந்த அவர்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.